பத்தாவது முடித்த பிள்ளைக்கு டிராக்டர் மெக்கானிக் படிப்பு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள திருவானைக்காவல் பக்கம், நடவு நேரத்தில் டிராக்டர் நின்றுவிட்டால் மெக்கானிக் வரும்வரை வயல் காத்துக் கிடக்கும். நாற்றுக்கு வயது ஏறும். பல நேரம் கோளாறு சிறியதுதான். டீசல் தீர்ந்து குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழி நின்றதும் இறுக்கினால் வண்டி கிளம்பிவிடும்.

இதை ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாக இருந்தே கற்கலாமே என்று பெற்றோர் கேட்பது நியாயம். கை பழகும்; சான்றிதழ் வராது. அதோடு, 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகி, எலக்ட்ரானிக் டீசல் பம்புகள் வந்துவிட்டன. சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் கெட்டிக்காரர்களும் அங்கே திணறுகிறார்கள்.

திருவெறும்பூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பொதுவாக ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக், டிராக்டர் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு. மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டாண்டு. எல்லா நிலையத்திலும் எல்லாப் பிரிவும் இருக்காது, விசாரித்து விண்ணப்பியுங்கள். அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

தனியாரில் சேர்ப்பதானால் அரசு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பட்டறைக்குள் போய், பிள்ளைகள் கழற்றிப் பூட்ட எத்தனை இன்ஜின் இருக்கிறது என்று எண்ணுங்கள். சுவரில் படம் மட்டும் மாட்டியிருந்தால் திரும்பிவிடலாம்.

படிப்புக்குப் பின் அப்ரண்டிஸ் பயிற்சியைத் தவறவிட வேண்டாம். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் நகல்களை இப்போதே எடுத்து வையுங்கள்.