இரண்டு தலை சேர்ந்தால் வரும் விடை

வினாடி வினா மாலை ஒன்றை ஏற்பாடு செய்கிறவர்கள் முதலில் அலைவது அரங்குக்கும் ஒலிபெருக்கிக்கும் கோப்பைக்கும்தான். கேள்விகள் கடைசியில் வரும். அதுவும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலிருந்து அவசரமாக உருவிய ஒற்றை வரிகளாக. பிறகு பாதிக் கூட்டம் கொட்டாவி விட்டால் மக்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லிவிடுகிறோம். குறை கேள்வியில் இருக்கிறது என்பதே என் வாதம். மேசையில் நால்வர் இருக்க, ஒருவர் மட்டும் மனப்பாடத்திலிருந்து விடை சொல்லிவிட்டால் மற்ற மூவருக்கு அங்கே வேலையில்லை. இரண்டு பேருக்குத் தெரிந்ததைச் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்று கேள்வி அமைந்துவிட்டால், அந்த மேசை தானாகவே பேசத் தொடங்கும்.

‘சர் சி.வி. ராமன் எங்கே பிறந்தார்?’ என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் திருவானைக்காவல் என்பார், தெரியாதவர் விழிப்பார், பத்து விநாடியில் முடிந்துவிடும். அதையே திருப்பிக் கேட்கலாம்: ‘பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரிய ஊரில் 1888-ல் பிறந்தார். 1921-ல் கப்பலில் போனபோது கண்ட கடல்நீரின் நீலம் அவரை ஓர் ஆராய்ச்சிக்குள் இழுத்தது. யார்?’ நீருக்குரிய தலம் ஜம்புகேஸ்வரர் கோயில் என்று பாட்டிக்குத் தெரியும். கடல்நீலத்தின் கதை கல்லூரியில் படிக்கும் பேத்திக்குத் தெரியும். தனித்தனியாகத் தடுமாறும் இருவரும் சேர்ந்தால் ராமனிடம் வந்து சேர்ந்துவிடுவார்கள். விடை சொல்லப்பட்ட பிறகும் நீரும் நீரும் இப்படிப் பொருந்தியதே என்ற வியப்பு அரங்கில் மிச்சமிருக்கும். தெரியாதவர்களுக்கும் அந்த வியப்பு கிடைக்கிறது. தோற்ற மேசையும் மறுமுறை வருவது அதனால்தான்.

திருச்சி இப்படிப்பட்ட கேள்விகள் கொட்டிக் கிடக்கும் ஊர். 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலை வைத்தே அது எந்த ஊர்ச் சுருட்டு என்று அந்தத் துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். எந்த ஊர்? உறையூர்ச் சுருட்டின் பெருமை அறிந்த பெரியவர் இருக்கும் மேசைக்கு இது எட்டிவிடும். வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பெங்களூர் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே ஸ்ரீரங்கத்து வீதிகளைக் கதைகளாக்கியவர் யார் என்று கேட்டால், சுஜாதாவின் பெயர் பல மேசைகளில் ஒரே நேரத்தில் எழுதப்படும். அதில் தவறொன்றுமில்லை. எல்லோருக்கும் கிடைக்கும் கேள்விகள் நான்கைந்து இருந்தால்தான் புதிதாக வந்தவர் நிமிர்ந்து உட்காருவார்.

இந்தியாவில் இந்த விளையாட்டு பொதுமக்களிடம் வந்த வழியும் இதைத்தான் காட்டுகிறது. 1967-ல் கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் நடத்திய போட்டி ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நடந்தது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். சென்னையில் சுதந்திர தினந்தோறும் டாக்டர் நவீன் ஜெயக்குமார் நடத்திவந்த லேண்ட்மார்க் வினாடி வினாவும் அப்படித்தான்: மூவர் அணி, வயது வரம்பில்லை, மேடைக்கு ஆள் தேர்வதற்கு முன் அரங்கத்தில் உள்ள எல்லோரும் எழுதும் சுற்று. அந்த எழுத்துச் சுற்றுதான் பார்வையாளரைப் போட்டியாளராக்குகிறது. மேடையில் ஆறு அணிகளை வைத்து, தெரியாத கேள்வியைப் பக்கத்து அணிக்குத் தள்ளும் பழைய முறையில், வலுவில்லாத அணிக்கு அடுத்து அமர்ந்தவர்களுக்கு ஓயாமல் வாய்ப்பு போய்க்கொண்டிருக்கும். சரியான விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியிடமிருந்து அடுத்த கேள்வியைத் தொடங்குவது அதற்கு ஒரு மாற்று. ஒரு தெருவோ குடியிருப்போ நடத்தும் மாலைக்கு மேடையே வேண்டாம் என்பேன். எல்லா மேசைகளும் எழுதட்டும். சுற்றுக்கு எட்டுக் கேள்விகள், சுற்று முடிந்ததும் விடைகள், இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடியட்டும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

குறிப்பு தந்து கேட்டால் போட்டியின் தரம் குறைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். யாருக்கும் தெரியாததைக் கேட்பது எளிது. தெரிந்தவற்றிலிருந்து தெரியாத ஓரிடத்துக்கு அழைத்துப் போகும் கேள்வியை எழுதத்தான் உழைப்பு வேண்டும். வல்லவர் அதிலும் முந்திக்கொள்வார், மற்றவர்களை வெளியே நிறுத்தாமல். கைபேசி இருக்கும்போது எதற்கு வினாடி வினா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. ஏமாற்றும் ஆசை பரிசின் அளவோடு வளர்கிறது. வெற்றி பெற்ற மேசைக்கு நாலு புத்தகங்கள் தந்தால் போதும். அதற்காக மேசைக்கடியில் கைபேசியைத் தடவுகிறவர் அரிது.

கனமான ஆட்சேபம் வேறொன்று. உள்ளூர்க் கேள்விகள் வெளியூர்க்காரரை ஒதுக்கிவிடாதா? பெல் ஆலையும் பொன்மலை ரயில்வே பணிமனையும் என்.ஐ.டி.யும் பல மாநிலத்தவரை இங்கே குடியேற்றியிருக்கின்றன. கோயில் கேள்விகளாகவே அடுக்கினால் அவர்களும், உள்ளூர்க்காரர்களில் பலரும், விலகிப்போவார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே, கேள்வியின் ஒரு கால் திருச்சியிலும் இன்னொரு கால் உலகத்திலும் இருக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பான விதியாகவே வைத்துக்கொள்ளலாம். ஹோம்ஸைப் படித்த பாட்னா மாணவர் உறையூர்ப் பெரியவரோடு ஒரே மேசையில் அமரட்டும். நத்தர்வலி தர்காவும், 1826-ல் இவ்வூரில் இறந்த பேராயர் ஹீபரும் தாயுமானவரோடு சேர்ந்தே வரட்டும். அணிகளைக் குடும்பவாரியாக விடாமல் சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் இந்தக் கலப்பு உறுதியாகும். சிலர் முணுமுணுப்பார்கள், முதல் சுற்றோடு அது அடங்கிவிடும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் காலத்தை விட்டுவிடுங்கள். பகல்பத்தும் இராப்பத்துமாக அந்த இருபத்தொரு நாளும் ஊர் வேறொன்றுக்கு நேர்ந்துகொண்டது. தகராறுக்கும் தயாராக இருங்கள். 1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி என்று நீங்கள் சொன்னால், வேறு எண்ணைப் படித்தவர் எழுந்து நிற்பார். எண் கேள்விகளில் நெருங்கி வந்த மேசைக்கு மதிப்பெண் என்று முன்பே அறிவித்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. அதையும் மீறி ஒருவர் ஆதாரத்தோடு திருத்தினால், ஒலிபெருக்கியில் அவருக்கு நன்றி சொல்லி, அந்தக் கேள்விக்கு எல்லா மேசைகளுக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்ததைப் படியுங்கள்.