நள்ளிரவில் ஒரு கள்ளக் கரண்டி

வாருங்கள், சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள்! இது இத்தாலியின் போலோன்யா. பழைய புகையிலை ஆலை. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலைக் கணிப்பு மையத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் 2022 முதல் இங்கேதான் உலகம் முழுவதற்கும் வானிலையைக் கணித்துத் தள்ளுகிறது. அண்ணாந்து பார்த்தது போதும். நான் காட்ட வந்தது ஒரு கரண்டி.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் வானிலை மாடல் பூமியை ஒன்பது கிலோமீட்டர் கட்டங்களாகவும், வானத்தை 137 அடுக்குகளாகவும் நறுக்கி வைத்திருக்கிறது. ஆனால் தரையை ஒட்டிய காற்றில் சுழலும் சுழிகளோ கிலோமீட்டரில் தொடங்கி மில்லிமீட்டர் வரை! மீன்வலையால் கடுகு அள்ள முடியுமா? அதனால் சுழிகளை விட்டுவிட்டு, அவை வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றின் வேகத்தையும் எவ்வளவு கிளறும் என்பதை மட்டும் ஒரு சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். அதுதான் கரண்டி.

பகலில் கவலையில்லை. சூடான காற்று தூண் தூணாகக் கிளம்பும். சில்லறைச் சுழிகளுக்கு ஒரு கணக்கு, பெருந்தூண்களுக்கு ஒரு கணக்கு, முடிந்தது.

ராத்திரிதான் வில்லங்கம். வானம் தெளிந்து காற்று அடங்கினால், தரை குளிர்ந்து, அதன்மேல் காற்று கனத்துப் படிந்துவிடும். 1968இல் அமெரிக்காவின் கான்சஸில், அறுவடை முடிந்த கோதுமை வயலில் 32 மீட்டர் கோபுரம் நட்டு இந்தக் கிளறலை அளந்தார்கள். அந்த மாதிரி அளவுகளை நம்பினால், இத்தகைய இரவுகளில் கிளறல் ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். மாடலிலும் நிறுத்தினால்? தரை குளிரும், கிளறல் குறையும், குறைந்ததால் இன்னும் குளிரும்... 1990களில் குளிர்காலத் தரைவெப்பம் மாடலுக்குள் இப்படித்தான் பாதாளம் நோக்கிப் போனது.

என்ன செய்தார்கள் தெரியுமா? இயற்கை கிளறுவதைவிட அதிகமாகக் கிளற விட்டார்கள்! இதற்குத் துறைக்குள் ‘நீண்ட வால்’ என்று செல்லப்பெயர். காற்று எவ்வளவு அடங்கினாலும் கிளறலைக் காட்டும் வளைகோடு சுழியை, அதாவது பூஜ்ஜியத்தை, தொடாமல் வாலை நீட்டிக்கொண்டே போகும். (சுழிகளின் கணக்கு சுழியாகக் கூடாதாம். நம் மொழிக்கு என்ன குறும்பு!)

2013இல் இரினா சாந்து என்ற ஆய்வாளரின் குழுவினர் இதை ஒளிக்காமல் எழுதினார்கள். வாலை நறுக்கினால் தரையருகே இரவுக் காற்று உண்மையை நெருங்குகிறது. ஆனால் குளிர்கால வெப்பநிலைக் கணிப்பும், பெரிய அளவிலான காற்றோட்டக் கணிப்பும் கெடுகின்றன. சரியாகச் செய்தால் தப்பாக வருகிறது! கடைசியில் அதே ஆண்டு நவம்பரில் வாலைக் கொஞ்சமாகக் கத்தரித்து, அதனால் காற்றின் மீது குறைந்துபோன இழுவையை ஈடுகட்டும் பொறுப்பை மலைகளின் தலையில் கட்டிவிட்டார்கள்.