உங்கள் கடையின் வெப்சைட்டில் ஒலியும் வீடியோவும்

சிறு தொழில் செய்பவர்கள் பலர் இன்று சொந்தமாக வெப்சைட் வைத்திருக்கின்றனர். கடையின் பெயர், முகவரி, நான்கைந்து போட்டோக்கள் என்ற அளவில் அது இருக்கும். “இதிலேயே ஒரு வீடியோ போட முடியுமா? ஒலி வைக்க முடியுமா?” என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். அதற்கு புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் எதை வைப்பது, எந்த பார்மட்டில் வைப்பது, எங்கே வைப்பது என்ற மூன்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இல்லையென்றால், வாடிக்கையாளரை வரவழைக்க வைத்த வீடியோவே அவரை விரட்டிவிடும்.

தஞ்சாவூரில் வீணை செய்யும் என் உறவினர் ஒருவரின் வெப்சைட்டை நான் கவனித்துக் கொள்கிறேன். அதையே எடுத்துக்காட்டாக வைத்து இங்கு விளக்குகிறேன்.

எதை வைப்பது?

வீணை வாங்க விரும்புபவர் வெளியூரிலோ, வெளிநாட்டிலோ இருப்பார். போட்டோவில் பலா மரத்தின் நிறமும், யாளி முகமும் தெரியும். நாதம் தெரியாது. எனவே அந்த வெப்சைட்டில் வீடியோவைவிட ஒலிதான் முக்கியம். விற்பனைக்கு இருக்கும் ஒவ்வொரு வீணைக்கும் 40 நொடி ஒலிப்பதிவு வைத்தோம். நான்கு வாசிப்புத் தந்திகள், மூன்று தாளத் தந்திகள் எல்லாவற்றையும் மீட்டிக் காட்டி, பிறகு சில வரிகள் வாசிப்பு. அவ்வளவுதான். மெழுகின் மேல் 24 மெட்டுகளையும் பொருத்தும் வேலையை ஒரே ஒரு நிமிட வீடியோவாக எடுத்தோம்.

ஜவுளிக்கடைக்கு ஒலி தேவையே இல்லை. புடவையை விரித்து, முந்தானையைக் காட்டும் 20 நொடி வீடியோ போதும். வாங்குபவர் நேரில் வந்தால் எதைப் பார்ப்பார், எதைக் கேட்பார் என்று யோசியுங்கள். அதை மட்டும் வையுங்கள்.

பழைய பெட்டி ஏன் காலியாக இருக்கிறது?

முன்பு வெப்சைட்டில் வீடியோ பார்க்க ரியல் பிளேயர், விண்டோஸ் மீடியா பிளேயர் என்று ஏதாவது ஒரு பிளக் இன் தேவைப்பட்டது. பிறகு பிளாஷ் வந்தது. அடோப் நிறுவனம் பிளாஷுக்குத் தந்த சப்போர்ட்டை 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்திவிட்டது. உங்கள் பழைய வெப்சைட்டில் வீடியோ இருந்த இடம் வெறும் பெட்டியாகத் தெரிந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம். 2014ல் இறுதி வடிவம் பெற்ற எச்.டி.எம்.எல்.5 வழியாக, பிரவுசரே இப்போது ஒலியையும் வீடியோவையும் இயக்குகிறது. பார்ப்பவர் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

எந்த பார்மட்?

ஒலிக்கு எம்.பி.3. வீடியோவிற்கு எம்.பி.4, அதனுள் எச்.264 முறையில் அமைந்த வீடியோ. இவை இரண்டும் இன்றைய முக்கிய பிரவுசர்கள் அனைத்திலும் இயங்கும். ஐபோனில் படம் எடுத்தால், செட்டிங்ஸ், கேமரா, பார்மட்ஸ் எனச் சென்று ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து பைலின் அளவு. ஒரு நொடிக்கு எவ்வளவு டேட்டா செல்கிறது என்பதே பிட் ரேட். இதை நொடிகளால் பெருக்கி 8ஆல் வகுத்தால் பைலின் அளவு வந்துவிடும். சி.டி. தரத்தில் உள்ள வேவ் பைல் நிமிடத்திற்கு 10 எம்.பி.க்கு மேல் பிடிக்கும். அதையே 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 ஆக மாற்றினால் ஏறத்தாழ 1 எம்.பி. தான். எங்கள் 40 நொடி வீணை ஒலி 640 கே.பி. அளவில் அடங்கிவிட்டது. இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராம் போதும்.

வீடியோ விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. பல போன்களில் எடுக்கும் ஒரு நிமிட புல் எச்.டி. வீடியோ 100 எம்.பி.யைத் தாண்டும். இதைச் சுருக்க ஹேண்ட்பிரேக் என்ற இலவச புரோகிராம் உள்ளது.

1. ஹேண்ட்பிரேக்கைத் திறந்து, வீடியோ பைலை அதற்குள் இழுத்து விடுங்கள்.

2. பிரிசெட் பட்டியலில் ‘பாஸ்ட் 720பி30’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. சம்மரி டேபில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்பதில் டிக் செய்யுங்கள். முழு பைலும் டவுன்லோட் ஆவதற்கு முன்பே படம் ஓடத் தொடங்க இது உதவும்.

4. வீடியோ டேபில் ஆவரேஜ் பிட் ரேட்டை 2000 என அமையுங்கள்.

5. ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள்.

இப்போது ஒரு நிமிட வீடியோ ஏறத்தாழ 15 எம்.பி. ஆகிவிடும். பைலுக்குப் பெயர் தரும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துக்களையே பயன்படுத்துங்கள், இடைவெளி வேண்டாம். பல சர்வர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கருதப்படும்.

எங்கே வைப்பது?

15 எம்.பி. வீடியோவை ஆயிரம் பேர் பார்த்தால் 15 ஜி.பி. டேட்டா செல்லும். சிறிய ஹோஸ்டிங் திட்டத்திற்கு இது பெரிய சுமை. எனவே வீடியோவை யுட்யூபில் ஏற்றி, ‘ஷேர்’, ‘எம்பெட்’ எனக் கிளிக் செய்து கிடைக்கும் கோடை உங்கள் பக்கத்தில் ஒட்டுவதே நல்லது. பார்ப்பவரின் இணைப்பு வேகத்திற்கு ஏற்ப படத்தின் தரத்தை யுட்யூப் தானே மாற்றிக் கொள்ளும். ஒரு குறை உண்டு. வீடியோ முடிந்ததும் வேறு வீடியோக்களும் அங்கே தோன்றலாம். ஒலி பைல்கள் சிறியவை என்பதால், அவற்றை உங்கள் சர்வரிலேயே வைக்கலாம்.

வேர்ட்பிரஸ் பயன்படுத்துபவர்கள் பிளஸ் அடையாளத்தைக் கிளிக் செய்து ஆடியோ பிளாக்கைச் சேர்த்து, பைலை அப்லோட் செய்தால் போதும். அதில் பிரிலோட் என்பதை ‘நன்’ என வையுங்கள். பிளே பட்டனை அழுத்தும் வரை பைல் இறங்காது. ஒரே பக்கத்தில் பத்து வீணைகளின் ஒலி இருக்கும்போது இது மிகவும் அவசியம். கோட் எழுதிப் பக்கம் அமைப்பவர்கள், ஆடியோ டேகில் ‘கன்ட்ரோல்ஸ்’ என்ற சொல்லைச் சேர்க்க மறக்க வேண்டாம். அது இல்லையென்றால் பிளே பட்டன் தெரியாது.

தானாகப் பாட வேண்டாம்

பக்கம் திறந்ததும் ஒலி தானாகத் தொடங்க வேண்டும் என்று பலர் கேட்கின்றனர். அலுவலகத்திலோ பஸ்ஸிலோ இருக்கும் ஒருவருடைய போன் திடீரென்று சத்தம் போட்டால், அவர் முதலில் செய்வது பக்கத்தை மூடுவதுதான். 2018 ஏப்ரலில் வந்த குரோம் 66 முதல், பார்ப்பவர் எதையும் தொடாமல் ஒலியுடன் ஓடத் தொடங்கும் வீடியோக்களை அந்த பிரவுசர் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. எனவே அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

யாருடைய இசை?

பின்னணியில் பிடித்த சினிமாப் பாட்டு ஒன்றைச் சேர்ப்பது எளிது. ஆனால் அனுமதி இல்லாமல் சேர்ப்பது சட்டப்படி தவறு. யுட்யூபின் கன்டென்ட் ஐ.டி. அதைக் கண்டுபிடித்தால், உங்கள் வீடியோவே தடுக்கப்படலாம். தியாகராஜர் 1847ல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனைகளுக்கு இன்று காப்புரிமை இல்லை. ஆனால் அவற்றை ஒரு வித்வான் வாசித்து வெளிவந்த ரெக்கார்டிங்கிற்கு உரிமை தனியாக உண்டு. இந்தியாவில் அது 60 ஆண்டுகள். ஆகவே உங்கள் பொருளின் ஒலியை நீங்களே பதிவு செய்யுங்கள். வாசித்துக் கொடுப்பவரிடமும், வீடியோவில் பேசும் வாடிக்கையாளரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக் கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வைஃபையை ஆப் செய்து, மொபைல் டேட்டாவில், சாதாரண விலை போன் ஒன்றில் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். விலையும் போன் எண்ணும் உடனே கண்ணில் பட வேண்டும். வீடியோ அதற்குப் பிறகு வந்தால் போதும். உங்கள் வாடிக்கையாளர்களில் பலர் அப்படிப்பட்ட போனில்தான் உங்கள் கடையைப் பார்க்கிறார்கள்.