டி-ஷர்ட்டுக்குள் ஒரு நதி!

பாஸ், நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட் திருப்பூர் சரக்கா? அப்ப நொய்யலைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்.

வெள்ளியங்கிரி மலையில பிறந்து, கோவைக் குளங்களை நிரப்பி, திருப்பூரைத் தாண்டி, கரூர் மாவட்டம் நொய்யல் கிராமத்துல காவிரியோட கலக்குது இந்த ஆறு. பழைய பேரு காஞ்சிமாநதி. கரையோரக் கொடுமணல்ல 2,000 வருஷத்துக்கு முன்னாடியே கல்மணி செஞ்சிருக்காங்க, இரும்பு உருக்கியிருக்காங்க. அப்பவே இது தொழில்பேட்டை!

பாசனத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை வந்துச்சு. தேங்கினதோ சாயக்கழிவு! 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாம சுத்திகரிச்சாதான் மறுபடி திறக்கலாம்னு கண்டிஷன்.

அடுத்த தடவை சைஸும் ரேட்டும் மட்டும் பார்க்காதீங்க. அந்தக் கலர் கழுவின தண்ணி எங்கே போச்சுன்னும் கேளுங்க!