நரம்புக் குருத்தணுக்கள் உருண்டையாகத் திரள்வது எப்படி?

1992இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பிரென்ட் ரெனால்ட்ஸ், சாமுவேல் வைஸ் இருவரும் வளர்ந்த சுண்டெலியின் மூளைச் செல்களைச் சீரம் இல்லாத திரவத்தில், இ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியுடன் வளர்த்தனர். பெரும்பாலானவை மடிந்தன, மிகச் சிலவே பெருகின. ஒட்டத் தளம் கிடைக்காதபோது, பகுப்படைந்து பெருகும் செல்கள் ஒன்றையொன்று பற்றி மிதக்கும் உருண்டையாகின்றன.

ஒரு வாரத்தில் உருண்டை ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் அளவை எட்டும். மிகவும் பெருத்தால் ஆக்சிஜன் உள்ளே எட்டாமல் நடுப்பகுதி கறுத்துச் சாகும். அதற்குள் தனிச் செல்களாகக் கலைத்து மீண்டும் விதைப்பார்கள். புதிய உருண்டைகள் தோன்றுவது சுயபுதுப்பிப்பின் அடையாளம். வளர்ச்சிக் காரணியை நீக்கி, ஒட்டும் தளத்தில் இட்டால் நியூரான், ஆஸ்ட்ரோசைட், ஆலிகோடெண்ட்ரோசைட் ஆகிய மூவகைச் செல்களும் உருவாகும்.

ஆனால் உருண்டைகளை எண்ணிக் குருத்தணுக்களைக் கணக்கிட முடியாது. அருகில் மிதப்பவை இணைந்துவிடும். குருத்தணு அல்லாத முன்னோடிச் செல்களும் உருண்டை கட்டும். எனவே செல்களை நெருக்கமின்றி விதைத்து, பலமுறை கலைத்து வளர்த்த பிறகே அவை குருத்தணுக்களா என்று முடிவு செய்கிறார்கள்.