சுமையும் நேரமும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

வைகாசிப் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் நம்ம ஊர் வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை. வாகனத்தோடு பெருமாளைத் தோளில் ஏந்தி வருகிறவர்களை ஸ்ரீபாதம்தாங்கிகள் என்பார்கள். கூட்டத்தின் கண்ணெல்லாம் பெருமாள் மேலே. தாங்குகிற தோள்களைக் கொஞ்சம் பார்த்தால் ஒரு கேள்வி எழும். ஒரு மனிதன் ஒரு சுமையை எவ்வளவு நேரம் தாங்குவான்? அதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

ஓரளவு முடியும், நண்பர்களே! 1960-ல் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர் வால்ட்டர் ரோமெர்ட் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். ஒருவருடைய முழு பலத்தை 1 என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமைக்காகச் செலவாகும் பங்கு 'ப'. அசையாமல் தாங்கக்கூடிய நேரம், நிமிடத்தில்:

நேரம் = –1.5 + 2.1/ப – 0.6/ப² + 0.1/ப³

ஒருவர் கையால் அதிகபட்சம் 40 கிலோ பிடிக்க முடியும் என்று வைப்போம். 40 கிலோவையே பிடித்தால் 0.1 நிமிடம், அதாவது 6 விநாடிதான். 20 கிலோ என்றால் 1.1 நிமிடம். 10 கிலோ என்றால் 3.7 நிமிடம். கவனியுங்கள், சுமை பாதியானால் நேரம் இரண்டு மடங்கு ஆகவில்லை. மூன்று மடங்குக்கும் மேலே போகிறது!

காரணம் என்ன? இறுகிய தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. ரத்தம் குறைந்தால் பிராணவாயு குறையும், கழிவு தேங்கும், தசை சோர்ந்துவிடும். சுமையை இறக்கினால் ரத்தம் மறுபடி பாயும். அதனால் களைத்து விழுந்தபின் எடுக்கும் ஒரு நீண்ட ஓய்வைவிட, நடுநடுவே எடுக்கும் சிறுசிறு ஓய்வுகளே மேல்.

நம் முன்னோருக்குச் சூத்திரம் தெரியாது, விஷயம் தெரியும். சாலையோரம் நிற்கும் சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். தலைச்சுமைக்காரர் குனியாமல், யார் துணையும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கலாம், திரும்ப ஏற்றலாம்.

சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. இது சராசரிக் கணக்கு, அதுவும் அசையாத தசைக்கு. நடந்து சுமப்பவருக்கு மூச்சும் இதயமும் சேர்ந்து உழைக்க வேண்டும். எட்டு மணி நேர வேலை என்றால், உடம்பின் உச்ச உழைப்புத் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான கணக்கு. சித்திரை வெயிலில் அதுவும் குறையும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல், ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவின் 1991-ஆம் ஆண்டுச் சூத்திரமோ, எல்லாம் சாதகமாக இருந்தாலும் 23 கிலோவுக்கு மேல் தூக்கச் சொல்லவில்லை.

என் அப்பா மூட்டை தூக்கும் தொழிலாளி. மூட்டைக்கு இவ்வளவுன்னு கூலி. நின்னா கூலி இல்லை. கொஞ்சம் மூச்சு வாங்கினால் "சோம்பேறி" என்ற பேச்சு வேறு. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசல் மிதித்த முதல் ஆள் நான். ஓய்வு சோம்பல் இல்லை, வேலையின் ஒரு பகுதிதான் என்று இந்தக் கணக்கு எனக்குச் சொல்கிறது.

நாளை நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம். மூட்டையின் எடையையும் ஓய்வு நேரத்தையும் நம் பேனாதான் எழுதும். எழுதும்போது அந்த 'ப'-வுக்குப் பின்னால் ஒரு தோள் இருப்பதை நினைப்போம்.