வோட்டர் லிஸ்ட் வைத்து ஊரையே சோதித்தார்கள்!
கணக்கில் வராத தோல் புற்றுநோய்

ஆஸ்திரேலியாவில் 3 பேரில் 2 பேருக்கு, 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது!

கொளுத்தும் வெயில், வெள்ளைத் தோல். இதுதான் காரணம்.

தோல் புற்றுநோயில் "மெலனோமா" என்ற ரகத்துக்குத்தான் பயம் அதிகம். ஆனால் ஏராளமான பேருக்கு வருவது வேறு 2 ரகங்கள். ஒன்று, மேல்தோலின் அடி அணுக்களில் வருவது. இன்னொன்று, செதில் அணுக்களில் வருவது. பெரும்பாலும் டாக்டர் வெட்டி எடுத்தால் போச்சு. அதனால் அங்குள்ள புற்றுநோய்ப் பதிவேடுகளில் வழக்கமாக இவற்றைச் சேர்ப்பதே இல்லை.

அப்படியானால் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கரும்பு ஊர்

பிரிஸ்பேன் நகருக்கு வடக்கே சுமார் 100 கிலோ மீட்டரில் நாம்பூர் என்ற ஊர். கரும்பும் சர்க்கரை ஆலையுமாக இருந்த ஊர். (ஆலை 2003-ல் மூடப்பட்டது.)

1986-ல் டாக்டர்கள் வாக்காளர் பட்டியலை எடுத்தார்கள். அதிலிருந்து குலுக்கல் போல் பெயர்களைப் பொறுக்கி, 20 முதல் 69 வயது வரை உள்ள 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தோலைச் சோதித்தார்கள்.

அதோடு விடவில்லை. 1992-ல் அவர்களில் 1,621 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேர் தினமும் காலையில் முகம், கழுத்து, கைகளில் வெயில் தடுப்பு கிரீம் பூச வேண்டும். மற்றவர்கள் இஷ்டம்போல் இருக்கலாம்.

நாலரை வருஷம் கழித்துப் பார்த்தால், தினமும் பூசியவர்களிடம் செதில் அணுப் புற்று சுமார் 40 சதவீதம் குறைவு! அடி அணுப் புற்று மட்டும் மசியவில்லை. முடிவு 1999-ல் வெளிவந்தது.

64 ஆயிரம் சாவு

"வெட்டினால் போச்சு" என்று அலட்சியம் கூடாது. 2020-ல் மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் உலகில் சுமார் 12 லட்சம் பேரைப் பிடித்தது. சுமார் 64 ஆயிரம் பேர் செத்தார்கள். அந்த வருஷம் மெலனோமாவுக்குப் பலியானவர்கள் சுமார் 57 ஆயிரம் பேர்தான்!

நமக்கு?

நம்ம கறுப்புத் தோலே வெயிலுக்கு ஒரு குடை. அதனால் இங்கே இந்த நோய் ரொம்பக் குறைவு. ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. பழைய தீக்காயத் தழும்பிலும், வருஷக்கணக்கில் ஆறாத புண்ணிலும் செதில் அணுப் புற்று கிளம்பலாம்.

ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணா? களிம்பு தடவிக்கொண்டே காலத்தைக் கடத்தாதீர்கள். டாக்டரிடம் காட்டிவிடுங்கள்!